செத்தவருக்குப் போன ஓடிபி

ரூம் புக்கிங் கம்பெனியில் உட்கார்ந்து பேர்கூடப் போடாமல் பதில் மெயில் அனுப்பும் புண்ணியவானே, எனக்கு பிரஷர் ஏறியதற்கு நீர்தான் காரணம். செங்கல்பட்டு தாலுகா ஆபீஸ் எதிரே மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். எட்டாவதுக்கு மேல் படித்ததெல்லாம் அடிபட்டுப் படித்தது. எதிரே மனுஷன் உட்கார்ந்தால் சண்டை போட்டாவது வழிக்குக் கொண்டுவருவேன். மெயிலிடம் எப்படி மல்லுக்கட்டுவது? செத்தவர் பாஸ்வேர்டுக்கு அலைந்த மக்களே, உங்களுக்குப் புரியும்.

பொட்டு வைத்த முகம்

திருவிடந்தை மல்லிகா வந்தார். கணவர் தேவராஜ் மாடியில் இரண்டு ரூம் கட்டி, ஆன்லைனில் போட்டு, பீச்சுக்கு வருகிறவர்களுக்கு விட்டுக்கொண்டிருந்தவர். திடீரென்று போய்விட்டார். ரூம்தான் குடும்பத்துக்குச் சோறு. ஆனால் ஆள் பிடித்துத் தரும் அந்த ஆன்லைன் பக்கம் அவர் போனுக்குள். போனோ அவர் முகத்தைப் பார்த்தால்தான் திறக்கும்.

"மாட்டி வெச்ச போட்டோவைக் காட்டிப் பாத்தியாம்மா?" என்றேன், கிண்டலாகத்தான்.

"காட்டிட்டேன் அண்ணாத்த. மாலையும் பொட்டுமா கீறாரே, அதான் அதுக்கு அடையாளம் தெரில. தொடச்சிட்டுக் காட்டட்டா?"

பெயர் நீக்கம்

வாரிசு சான்றிதழ் வாங்கி, இறப்புச் சான்றிதழோடு, பக்கத்தை மல்லிகா பேருக்கு மாற்றச் சொல்லி புக்கிங் கம்பெனிக்கு அனுப்பினேன். 'தேவராஜ் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம். அதைச் சொன்னால் மாற்றித் தருகிறோம்' என்று பதில். "சிம்மை எடும்மா" என்றேன். மல்லிகா கூட வந்திருந்த தன் தம்பியை முறைத்தார். காரியம் முடிந்த மறுநாளே அவன் சிம்மை ரத்து செய்திருக்கிறான்! நான் போட்ட சத்தத்தில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அவன் அசரவில்லை.

"உங்க கடை போர்டுலதான் 'இறந்தவர் பெயர் நீக்கம்'னு போட்டுக்கீதே அண்ணே, அத்தப் பாத்துதான் மொத வேலையா நீக்கினேன்."

வரவேற்காத ஓனர்

அந்தப் பக்கம் மட்டும் சாகவில்லை. தானாக புக்கிங் எடுத்தது. ஒரு குடும்பம் பெட்டியோடு வந்து நின்றபோதுதான் மல்லிகாவுக்கே தெரியும். பெருக்காத ரூம், அழுக்கு பெட்ஷீட். வந்தவர்கள் 'ஓனர் நேரில் வரவேற்கவில்லை' என்று எழுதி, ஒரே ஒரு ஸ்டார் கொடுத்துப் போனார்கள். உடனே கம்பெனியிலிருந்து, மனுவில் நான் கொடுத்திருந்த மல்லிகாவின் மெயிலுக்கும் ஒரு நகல்: 'அன்புள்ள தேவராஜ், ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் உங்கள் பக்கம் மூடப்படும்.'

படித்துக் காட்டினேன். மல்லிகா அழுதுகொண்டே சிரித்தார்.

"உசுரோட இருந்தப்ப நான் கேட்டாலே பதில் சொல்லாத மனுஷன், இவங்களுக்கா சொல்லப் போறாரு?"

புண்ணியவானே, ஏழில் நாலு நாள் போய்விட்டது. தாசில்தாரே ஒத்துக்கொண்ட சாவை நீரும் ஒத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மல்லிகா பேருக்கு மாற்றித் தொலையும், ஏனென்றால் செத்தவருக்கு வாரிசு சான்றிதழ் வாங்க எனக்குத் தெரியும், செத்தவரிடமே ஓடிபி வாங்கத் தெரியாது.