இருபத்து மூன்று தளங்களுக்கு ஒரு கோப்பு

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். திரையில் முதலில் தெரிந்தது கறுப்புப் பின்னணியில் ஒரு சிலுவை. அதன் கீழே, "இன்று புனித வெள்ளி. எங்களுக்கு விடுமுறை." நான் திறந்திருந்தது ஒட்டன்சத்திரம் காய்கறிக் கமிஷன் மண்டி ஒன்றின் இணையதளம். அன்று அந்த மண்டிக்கு விடுமுறை கிடையாது.

அடுத்து ஒரு கல்யாண மண்டபத்தின் தளத்தைத் திறந்தேன். அதே சிலுவை. சாணார்பட்டி விதைக்கடை, செம்பட்டி டிராக்டர் பட்டறை, எதைத் திறந்தாலும் அதே.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு செருப்புக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மொத்தம் மூன்று பேர். முதலாளி ஆத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பிரவுசிங் சென்டர் நடத்திவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். சர்வரைப் பார்த்துக்கொண்டவர் நகரத்துக் கத்தோலிக்க ஆசிரியர் வீட்டுப் பெண். நான் ஒரு நாளிதழின் செய்தி மேசையை விட்டு வந்து, தளங்களுக்கு வாசகம் எழுதினேன். காலையில் மண்டி விலையைத் தளத்தில் ஏற்றுவதும் என் வேலை.

ஒரே சர்வரில் இருபத்து மூன்று தளங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்புக் கோப்பு. எந்தக் கோப்புறையை வெளியாருக்கு மறைக்க வேண்டும், இல்லாத பக்கத்தைக் கேட்டால் எதைக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். முக்கால்வாசி வரிகள் எல்லாக் கோப்பிலும் ஒன்றே. ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் இருபத்து மூன்றையும் திறக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் எதுவரை வந்தோம் என்பது மறந்துவிடும்.

சர்வரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மாதம் உட்கார்ந்து, பொதுவான வரிகளை எல்லாம் ஒரே கோப்பில் எழுதினார். தளங்களின் கோப்புகளில், பொதுக் கோப்பை இங்கே சேர்த்துக்கொள் என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சியது. பத்திரிகையில் வானிலைக்கும் இரங்கல் செய்திக்கும் கட்டங்கள் தயாராக இருக்கும். உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுவோம். அதனால் அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. முதலாளிக்கும் புரிந்தது. அதுதான் அவருடைய பயம்.

"அம்புட்டுப் பேருக்கும் ஒரே கெணறுங்கற. நாய் விழுந்துச்சுன்னா?"

"மூடி போட்டிருக்கேண்ணே," என்றார் அவர்.

ஒரு தப்பு வந்தாலும் பழைய முறைக்கே திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு முதலாளி சம்மதித்தார். அதற்குப் பிந்தைய மாதங்கள்தான் அந்த மாடியில் எனக்குப் பிடித்த மாதங்கள். பிற்பகலில் நேரம் மிச்சமானது. மின்சாரம் போய் யுபிஎஸ் கூவ ஆரம்பித்ததும் மூன்று பேரும் டிபன் பாக்ஸைத் திறப்போம். அவர் வீட்டு வெஞ்சனம் பெரும்பாலும் கருவாடு. முதலாளி தன் கூட்டை நீட்டி, "இந்தா, இதையும் பொதுவுல சேத்துக்க," என்பார்.

தவக்காலத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், பெரிய வெள்ளி என்கிற புனித வெள்ளியன்று தன் தளத்தில் விடுமுறை அறிவிப்பு மட்டும் தெரிய வேண்டும் என்று கேட்டார். வேறு கடைகளும் இதைக் கேட்கக்கூடும் என்பதால், கடைப் பெயர் போடாமல் வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான். எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் அந்த அறிவிப்பையே காட்டச் சொல்லும் இரண்டு வரிகளைச் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் எழுதினார். அவை ஜவுளிக்கடையின் கோப்பில் போக வேண்டியவை. முந்தின நாள், பெரிய வியாழன் மாலை, பாதம் கழுவும் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று அவசரத்தில் கிளம்பியவர், திறந்து கிடந்த பொதுக் கோப்பில் அவற்றைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்.

ஆறே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. மண்டிக்காரர்.

"ஏனுங்க, எனக்கே தெரியாம என்ற மண்டிக்கு லீவு உட்டுட்டீங்களா? பாலக்காட்டு வண்டி ரெண்டும் கெளம்பவே இல்லீங்க."

கேரளத்தில் புனித வெள்ளிக்குப் பல கடைகள் அடைத்திருக்கும். அதனால் அறிவிப்பைப் பார்த்த பாலக்காட்டு வியாபாரிகள் ஏன், எதற்கு என்று கேட்காமல் நம்பிவிட்டார்கள்.

சர்வரைப் பார்த்துக்கொண்டவரின் கைபேசி அணைந்திருந்தது. சர்வரின் கடவுச்சொல் எனக்கும் தெரியும். பொதுக் கோப்பைத் திறந்து இரண்டு வரிகளையும் எடுத்து ஜவுளிக்கடையின் கோப்பில் போட்டேன், சர்வரைப் புதிய அமைப்பைப் படிக்கச் சொன்னேன். மற்ற இருபத்திரண்டு தளங்களும் திரும்பின. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஏழே காலுக்கு முதலாளி வந்தார். மண்டிக்காரர் அவரிடமும் பேசியிருந்தார். முதலாளியின் சட்டைப் பொத்தான் ஒன்று இடம் மாறியிருந்தது.

"பொதுக் கோப்பா?"

"ஆமாண்ணே."

"சரி பண்ண எம்புட்டு நேரமாச்சு?"

ஒரு நிமிடம் என்றேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. பழைய முறையாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். இதற்கு வேறு பதில் சொல்லியிருக்கலாம்.

"ஜவுளிக்கடையோட நின்னுருக்கும்ணே."

சனிக்கிழமை காலை சர்வரைப் பார்த்துக்கொண்டவர் வந்ததும், நான் வாய் திறக்கும் முன்பே, தப்பு தன்னுடையது என்று முதலாளியிடம் சொன்னார். வாசகத்தில் கடைப் பெயர் இல்லாதது என் தப்பு என்றேன். முதலாளி இரண்டையும் கேட்டுக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"பேசுனது பேசுனதுதான் தாயி. பழையபடி பிரிச்சிரு."

ஈஸ்டருக்கு மறுநாள் அவர் ஆரம்பித்தார். இருபத்து மூன்று கோப்புகளையும் தனித்தனியாக எழுதி முடிக்க நான்கு நாட்கள் ஆயின.