சுவிட்சுக்கு ஒரு பூட்டு

மொன்றியலில் பிஸ்கட் தொழிற்சாலையொன்றில் சேர்ந்த புதிது. பிரெஞ்சில் நடந்த பாதுகாப்புப் பயிற்சி எனக்கு விளங்கவில்லை. கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டேன்.

ஒருநாள் மாவு பிசையும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, உள்ளே கைவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அது சுழலத் தொடங்கியது. கையை உதறி இழுத்தேன். கையுறை மட்டும் உள்ளே போய்விட்டது.

மறுபக்கத்தில் சுவிட்சைப் போட்டவள் என் தோழி ஜெசிந்தா. "பூட்டுத் தொங்கேல்லை. ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சிட்டன்" என்று அழுதாள். துடைக்கும்போது சுவிட்சைப் பூட்ட வேண்டும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாளே மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொல்லி, மறுபடி பயிற்சி கேட்டேன். ஜெசிந்தா தமிழில் விளக்கினாள்.

இப்போது சுவிட்சைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்ட பிறகே இயந்திரத்தைத் தொடுகிறேன். யார் அவசரப்படுத்தினாலும், "பொறுங்கோ, பூட்டிப்போட்டு வாறன்" என்றுதான் சொல்கிறேன்.