உள்ள தள்ளிப் போங்க!

"வாசல்ல நிக்காதீங்க, உள்ள தள்ளிப் போங்க! முன்னாடி எவ்வளவு எடம் கெடக்கு பாருங்க!"

வில்ஃப் ஓல்ட்ராய்ட் இப்படிச் சத்தம் போடுவது ரேவன்பி மாளிகையின் முந்நூறு வருடப் பழைய விருந்துக்கூடத்தில். எதிரே, கூரைச் சித்திரங்களை அண்ணாந்து பார்த்தபடி மெய்மறந்து நிற்கிறது சுற்றுலாக் கூட்டம். அவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுமாதமே இங்கே தொண்டராகச் சேர்ந்துவிட்டார். சம்பளம் கிடையாது. மாலையில் தேநீரும் ஸ்கோன் என்ற சிறு ரொட்டி ஒன்றும் உண்டு.

கூடத்துக்குள் இருபத்தெட்டுப் பேர் வந்ததும் அவர் கை தானாக நீண்டு வழியை மறிக்கும். "அடுத்த வண்டி பின்னாலயே வருது, அதுல வாங்க." கூரையில் எத்தனை தேவதைகள் என்று கேட்டால், நாற்பத்தொன்று என்று உடனே சொல்வார். வரைந்தது யார் என்று கேட்டால், "அதுக்குப் பக்கத்து ரூம்ல மார்ஜரி இருக்காங்க. அங்க எறங்கிக் கேளுங்க" என்பார்.

இதையெல்லாம் ரசித்தவர்கள் பலர். மூன்று பேர் மட்டும் புகார் எழுதினார்கள். மாளிகை மேலாளர் பெனலபி அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வில்ஃப், இது பஸ் இல்ல. சத்தத்தக் கொறைங்க. இன்னொரு புகார் வந்தா உங்கள கார் நிறுத்துற எடத்துக்குத்தான் மாத்தணும்."

"காரா!" வில்ஃபுக்கு மூச்சே நின்றுவிட்டது. "ஆயுசு பூரா என் வழியில குறுக்க வந்ததே அதுங்கதாம்மா."

அன்றிலிருந்து கிசுகிசுப்புதான். அவர் சொல்வது காதில் விழாமல் ஜனங்கள் வாசலிலேயே குவிந்து நின்றார்கள். வில்ஃப் இரண்டு வாரத்தில் இளைத்துப்போனார்.

அக்டோபர் வந்தது. மாளிகையைச் சுற்றியிருந்த மான்பூங்காவில் ஆண்மான்கள் பெண்மான்களுக்காக மோதிக்கொள்ளும் காலம். பொழுது விடிந்தால் போதும், கர்ஜனை மாளிகை வரை கேட்கும். கிட்டே போகாதீர்கள் என்று பத்தடிக்கு ஒரு பலகை. ஒரு சனிக்கிழமை, ஜன்னலருகே நின்றிருந்த ஓர் அம்மாள் வெளியே பார்த்து அலுத்துக்கொண்டாள்: "எங்க வீட்டுக்காரர் போட்டோ எடுக்கப் போறார் பாருங்க. சொன்னா கேக்குற ஜென்மமா?"

வில்ஃப் எட்டிப் பார்த்தார். மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று கைப்பேசியை நீட்டிக்கொண்டு, பூங்காவிலேயே பெரிய ஆண்மானை நோக்கி நடந்துகொண்டிருந்தது. மான் தலையைத் தாழ்த்தி, குளம்பால் மண்ணைக் கிளறியது.

பெனலபி கூடத்திலேயேதான் நின்றிருந்தாள். வில்ஃப் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு ஜன்னலைத் தூக்கித் திறந்தார்.

"ஏய், மஞ்சக் கோட்டு! திரும்பாத! ஓடாத! மான் மொகத்தப் பாத்துக்கிட்டே பின்னால வா! பின்னால... பின்னால... அப்படியே வரட்டும்!"

நாற்பத்தொரு தேவதைகளும் அதிர்ந்தன. ஆனால் மஞ்சள் கோட்டுக்குக் கால் நகரவில்லை. வில்ஃப் தோட்டத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு தானே ஓடினார். அந்த மனிதரின் காலரைப் பிடித்து அவர் ஓக் மரத்தின் பின்னால் இழுக்கவும், கொம்பு மரத்தில் மோதவும் சரியாக இருந்தது.

மான் போகவில்லை. இவர்கள் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் சுற்றி வந்தது. பூங்காக் காவலரின் ஜீப் வர அரை மணி நேரம் ஆயிற்று. பயத்தை மறைக்க வில்ஃப் பேசத் தொடங்கினார். விருந்துக்கூடத்தின் ஒவ்வொரு நாற்காலியைப் பற்றியும் பேசினார். அது முடிந்ததும் ஐம்பத்தாறாம் எண் பேருந்தின் நிறுத்தங்களை வரிசையாகச் சொன்னார்.

"ஐயா," என்றது மஞ்சள் கோட்டு, "இன்னும் எத்தன ஸ்டாப் இருக்கு? நான் மான்கிட்டயே போயிடுறேனே."

"ஓடுற வண்டியில எறங்கக் கூடாது தம்பி."

அன்று மாலை பார்வையாளர் புத்தகத்தில் அந்த மனிதரின் மனைவி எழுதியிருந்தாள்: "ஊழியர் காது கிழியக் கத்தினார். கடவுளுக்கு நன்றி." பெனலபி அதை இரண்டு முறை படித்தாள்.

"இதப் புகார்ல சேக்குறதா, பாராட்டுல சேக்குறதா?" என்றார் வில்ஃப், கிசுகிசுப்பாக.

"காதுல விழல," என்றாள் பெனலபி. "சத்தமாச் சொல்லுங்க."

மறுநாள் காலை வில்ஃப் வேலிப் பாதையில் மாளிகைக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். வேலிக்கு அப்பால், எதிர்த்திசையில், அதே ஆண்மான் கொம்பில் காய்ந்த புல்லோடு நிதானமாக வந்தது. வில்ஃப் நடையை நிறுத்தவில்லை. எதிரே வரும் பேருந்தின் ஓட்டுநருக்குக் காட்டுவதுபோல் ஒற்றை விரலை மட்டும் உயர்த்தி, லேசாகத் தலையசைத்துக் கடந்துபோனார்.