லேபுக்குப் போன சீம்பால்

பசு கன்னு போட்டதும் கறக்கிற முதல் பால, அந்தச் சீம்பால, பச்சையா ஒரு போத்தல்ல ஊத்தி யாருக்காவது குடுப்பீங்களா? எங்க தேயிலைத் தோட்டத்துல குடுக்கவே மாட்டாங்க. சீனி, ஏலக்காய் போட்டு அவிச்சு லயத்துல வரிசையா இருக்கிற வீடு பூரா குடுப்பாங்க. பச்சையா வாசல் தாண்டுனா கண்ணு பட்டு மடி வத்திருமாம். எனக்கோ பச்சைப் பால்தான் வேணும். அவிச்சா எனக்கு வேண்டிய சாமான் கெட்டுரும்.

அந்தச் சாமான் பேரு லாக்டோஃபெரின். பால்ல இருக்கிற ஒரு புரதம், சீம்பால்ல எக்கச்சக்கம். கிருமி வளர இரும்புச்சத்து வேணும். இது அத மொத்தமா புடிச்சு வச்சுக்கிட்டு கிருமிய பட்டினி போட்டுரும். பெப்சின்ங்கிற செரிமான நொதி ஒண்ணு நம்ம வயித்துல இருக்கு. அத வச்சு இத வெட்டுனா குட்டிக் குட்டித் துண்டா வரும், அதுதான் பெப்டைட். அதுங்க இன்னும் பெரிய ரவுடிங்க. நேரா கிருமியோட தோல்ல ஒட்டி ஓட்டை போட்டுரும்.

இத கிருமி வளக்கிற பிளேட்டுல காட்டுறதுதான் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். பால்மாவுல ரெண்டு தடவ செஞ்சேன். கிருமி ஜாலியா வளந்துச்சு. மாவாக்கும்போதே சூட்டுல புரதம் கெட்டிருக்கும்னு ப்ராஜெக்ட்டப் பாக்குற மேடம் சொன்னாங்க. மூணாவதும் ஊத்திக்கிச்சுன்னா தலைப்ப மாத்தணும். என் பேட்ச் டிகிரி வாங்கும், நான் கைதட்டிக்கிட்டு நிப்பேன்.

அப்பதான் பலாங்கொடைக்கு மேல, எங்க லயத்துக்குப் பின்னாடி அத்தையோட பசு கன்னு போட்டுச்சு. ஓடுனேன்.

"அடியே, கேம்பஸ் போயிட்டா மாட்டு மடி ஒனக்கு வெளையாட்டா?"

"ஒரே ஒரு போத்தல் அத்தை. கிருமிய சாகடிக்கத்தான்."

"அதுக்கு சவுக்காரம் போடு!"

அரை மணி நேரம் கெஞ்சுனேன். கடைசியில உள்ள போய் நெரப்பிக் கொண்டாந்து குடுத்துச்சு. ஐஸ் பெட்டியில வச்சு பஸ் ஏறிட்டேன். லேபுல பாதிய பெப்சின் போட்டு வெட்டி, கிருமி பூசுன பிளேட்டுல குழி போட்டு ஊத்தி வச்சேன்.

மறுநாள் பிளேட்டப் பாத்தா, பெப்டைட் ஊத்துன குழியச் சுத்தி கிருமியே இல்லாம பெரிய வட்டம்! நான் கத்துன கத்துல பக்கத்து மேசை புள்ள "பிஸ்ஸுத?"ன்னு கேட்டா. ஆமா, பைத்தியம்தான். வெட்டாத வெறும் பாலும் கிட்டத்தட்ட அதே அளவு வட்டம் போட்டிருந்துச்சு. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். நான் அத்தைக்கு ஃபோன்ல கோல் எடுத்தேன்.

"அத்தை, ஒங்க பால் கிருமிய அடிச்சுப் போட்டுருச்சு!"

"அடிக்காம? நாந்தான் ஒரு சிட்டிகை மஞ்சத்தூள் போட்டு அனுப்புனேனே. கண்ணு படக்கூடாதுல்ல."

அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டேன். சீம்பாலே மஞ்சளாத்தான் இருக்கும், தூள் கலந்தது எவன் கண்ணுக்குத் தெரியும்? மஞ்சளும் கிருமிய அடிக்கும். அப்ப அந்த வட்டம் பாலோடதா, மஞ்சளோடதா?

வாயத் தொறக்காம இருந்தா யாருக்கும் தெரியாது. ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் யோசிச்சேன், அதுக்கு மேல தாங்கல. மேடத்துக்கிட்ட சொல்லிட்டேன். சிரிச்சு சிரிச்சு கண்ணத் தொடச்சாங்க. அப்புறம் சிங்களத்துல ஒரே வரி: இந்த வட்டத்த எழுதாத, மஞ்சள் இல்லாத பால் கொண்டா.

மூணு நாலு நாள் போனா சீம்பால் சாதாப் பாலாயிரும். திரும்ப கோல்.

"மஞ்சள் போடாம வாசல் தாண்டாது"ன்னு அத்தை ஒத்தக் கால்ல நின்னுச்சு. கடைசியில அதுவே கேட்டுச்சு, "ஏன்டி, வீட்டு ஆளு கையிலயே இருந்தா வெளிய போனதா ஆகாதுல்ல?"

இன்னைக்கு மொத பஸ்ல அத்தையே வந்து எறங்குச்சு, மடியில ஐஸ் பையோட, மஞ்சள் போடாத போத்தல். என் கையில தரவே இல்ல. மேடம் கையுறை போட்டு விட்டாங்க, அத்தையே பீக்கர்ல ஊத்துச்சு. இந்தத் தடவ மஞ்சத்தண்ணிக்கும் தனியா ஒரு குழி வெட்டிட்டேன். அத்தை "இதுதான் ஜெயிக்கும்"னு அதக் காட்டிச் சிரிக்குது.

இப்ப மணி அஞ்சேகால். பிளேட் இன்குபேட்டர்ல முப்பத்தேழு டிகிரியில இருக்கு, நாளைக்குக் காலையிலதான் தொறக்கணும்.