பேரம் இல்லாத கடைக்கு ஒரு போர்டு

விலை சொல்லும்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். "எட்டாயிரம்ணே" என்பேன். எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் நானே, "ஆறுன்னாலும் பரவாயில்ல, பாத்துக் குடுங்க" என்று சேர்த்துவிடுவேன். என்னை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மதுரையில் ஃப்ளெக்ஸ் அடித்தால் டிசைன் இலவசம். காதுகுத்துக்கு மாமன்மார் அத்தனை பேர் முகத்தையும் வெட்டி ஒட்டி, ஓரத்தில் ஒரு சிங்கத்தையும் நிறுத்தி, அதற்குச் சல்லிக்காசு வாங்காத ஊரில் நான் லோகோவுக்குப் பணம் கேட்டுப் பிழைக்கிறேன்.

இந்த வருஷம் பசுமலையில் நான் குடியிருக்கும் மாடிக்கு வாடகை ஏறியது. அந்த ஓனரிடம் "பாத்துக் குடுக்கிறேன்" என்றெல்லாம் சொல்ல முடியாது. இனிமேலும் விலையைக் குறைத்தால், டிசைனை மூட்டை கட்டிவிட்டு ஏதாவது கம்பெனியில் போய் உட்கார வேண்டியதுதான்.

அந்தக் கவலையோடுதான் ஆரப்பாளையத்தில் புதிதாகப் பாத்திரக்கடை திறக்கும் அண்ணனைப் பார்க்கப் போனேன். லோகோ, துணிப்பை, கடைக்குள் மாட்டும் போர்டுகள். "பதினஞ்சாயிரம்ணே" என்றேன்.

"என்னம்மா, இம்புட்டுச் சொல்றீக? ஃப்ளெக்ஸ் கடையில சும்மாவே போட்டுத் தர்றான். பத்துக்கு முடிங்க."

நாக்கு துறுதுறுத்தது. அதற்கு வேறு வேலை கொடுக்க, உள்ளே மாட்டும் போர்டில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"'ஒரே விலை. பேரம் பேசாதீர்கள்.' நல்லா பெருசா, செவப்புல போடுங்க. இல்லைன்னா ஒரு டம்ளருக்கு அரை மணி நேரம் நின்னு உசுரை எடுப்பாக."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முழித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர் சொன்னதைப் போனில் அப்படியே டைப் செய்து நீட்டினேன்.

"எழுத்து சரியா இருக்காண்ணே?"

படித்தார். இன்னொரு தடவை படித்தார். மீசை லேசாக ஆடியது.

"சரி சரி, பதினஞ்சே இருக்கட்டும். நான் சும்மா கேட்டுப் பாத்தேன்மா."

அங்கேயே போனில் பாதிப் பணத்தை அனுப்பிவிட்டு, எனக்கு டீயும் சொன்னார். வாடகை கையில் இருந்தது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கோ எரிச்சல் எரிச்சலாக வந்தது. இவராவது கேட்டுப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் மற்றவர்கள் அதுகூடக் கேட்டதில்லை. பேரம் பேசியதெல்லாம் நான்தான்.