சுதாகரன் விட்டுக்கொடுத்த லயம்

வினோதாவைப் போல ஒரு சந்தேகக்காரியை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பார்க்க முடியாது. கொழுந்து நிறுக்கும்போது தராசை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். "ஒரு கிலோ கொறையுதுங்களே" என்று அவள் ஆரம்பித்தாலே கணக்கப்பிள்ளைக்கு முகம் சுண்டிவிடும். தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளான லயத்தில், அவளுக்குப் பக்கத்து ஒற்றையறைக் காம்பராவில்தான் பதினொரு வருஷமாக இருக்கிறேன். கடன் வாங்கிய சீனியைத் திருப்பிக் கொடுத்தால்கூட என் முன்னாலேயே அளந்து பார்ப்பாள். எரிச்சலாக வரும்.

அவள் புருஷன் சுதாகரனுக்குக் கொழும்பில் இரும்புக்கடை வேலை. தீபாவளிக்கு மட்டும் வந்துபோனான். பிறகு அதுவும் இல்லை. அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று தெரிந்ததும் இவளே விவாகரத்துக் கேட்டாள். தீர்ப்பை நீதிமன்றம்தான் தரவேண்டும். ஆனால் யாருக்கு எது என்பதை மத்தியஸ்த சபையில் பேசி எழுதிக்கொண்டால் வழக்கு இழுபடாது என்று சட்டத்தரணி சொன்னார்.

லிந்துலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை சபை கூடியது. நானும் துணைக்குப் போனேன். சண்டை போடுவான் என்று பார்த்தால், சுதாகரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"லயக்காம்பராவ அவளே வச்சுக்கட்டுங்க. மாடு, சாமான் எல்லாம் அவளுக்கே. மத்தது எதுலயும் அவ உரிமை கேக்கக்கூடாது, அம்புட்டுதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கையெழுத்தப் போடுடி" என்று அவளைக் கிள்ளினேன். அவளோ ஒரு வாரம் தவணை கேட்டாள்.

பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தேன். "ஏண்டி, குடுக்குறவன் கையக்கூட மோந்து பாப்பியா?"

"மகளுக்குப் பள்ளிக்கூடத்துல எழுத ஒரு கொப்பி வாங்கிக் குடுக்காத மனுசன்க்கா. இன்னைக்கு மாட்டையே குடுக்குறாரு. மத்ததுங்குறாரே, மத்தது என்னா இருக்கு?"

அது திங்கட்கிழமை தோட்டத்து ஆபீசில் அகப்பட்டது. மேல்மலையில் கட்டிக்கொண்டிருக்கிற புது வீடுகளின் பட்டியல். ஏழு பேர்ச் நிலத்தோடு ஒரு வீடு. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவள் வினோதா. அவளால்தான் வீடே கிடைத்தது. ஆனால் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் சுதாகரன் பேர். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் படிவம் நிரப்பும்போது அவளேதான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் சொன்னோம். புருஷன் இருக்கப் பொம்பளை பேரையா சொல்வது? தராசையே நம்பாதவள் அந்த ஓர் இடத்தில் யோசிக்கவே இல்லை. புது வீடு கொடுத்ததும் பழைய லயத்தை இடித்துவிடுவார்களாம்.

"அவனுக்கு இது தெரியாமக்கூட இருக்கலாம்டி" என்றேன்.

"இருக்கலாம். கேட்டா தெரியாதுன்னுதான் சொல்லுவாரு. வேற மாதிரி பாப்போம்."

அடுத்த சனிக்கிழமை, சபைத் தலைவர் பேரின்பநாயகம் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், "என்ன பிள்ளை, முடிவெடுத்திட்டீரோ?" என்று கேட்டார்.

"எடுத்துட்டேங்க ஐயா. அவரு இம்புட்டுப் பெரிய மனசு காட்டுறப்போ நான் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா நல்லா இருக்காது. லயம், மாடு, சாமான் எல்லாம் அவருக்கே. மத்தது எதுவா இருந்தாலும் எனக்குன்னு எழுதுங்க."

சுதாகரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அதெல்லாம் வேணாங்க. நான்தான் குடுத்துட்டேனே."

"பரவால்ல, வச்சுக்கங்க. உங்க அப்பா இருந்த காம்பரா தானே."

ஐயா பேனாவைத் திறந்தார். "அப்ப லயம் சுதாகரனுக்கு எண்டு எழுதட்டோ?"

"இடிக்கப்போற லயத்த வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது!"

கத்திய பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஐயா பேனாவை மூடி வைத்தார். அவனை நல்லவன் என்று நம்பிய என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வினோதா பட்டியலின் நகலை மேசையில் வைத்தாள்.

"அந்தக் காம்பராவுலதான் ஐயா, எம்புள்ளைய விட்டுட்டுப் போகப் பாத்தாரு."