அமாவாசைக்கு அரை நாள்

"நூற்றிருபது… நூற்றிருபத்தொண்ணு…" கல்கத்தா பவானிபூர் வாடகை வீட்டுத் தாழ்வாரத்தில், குறுகலான ஒரு பெஞ்சியின்மேல் குப்புறப் படுத்தபடி வைத்தீஸ்வரன் இரண்டு கைகளாலும் காற்றைத் துழாவிக்கொண்டிருக்கிறார். விடிந்தும் விடியாததுமாக இது தினசரி நடக்கும். முந்நூறு ஆகாமல் எழுந்திருக்க மாட்டார். மாடி வீட்டு கோஷ் பாபு முதன்முதலில் பார்த்தபோது, காக்காய் வலிப்பு என்று பயந்து இரும்புச் சாவியும் கையுமாக ஓடி வந்தார். இப்போதெல்லாம் தம் வீட்டு விருந்தாளிகளுக்கு 'மதராஸி யோகாசனம்' என்று மேலிருந்து காட்டுகிறார்.

"கங்கை எங்கயும் ஓடிப்போயிடாது. காப்பி ஆறிப்போறது, எழுந்திருங்கோ" என்கிறாள் மனைவி அனந்தலக்ஷ்மி.

"ஓடறதனாலதானேடி இந்தப் பாடு! அது ஓடறச்சே நானும் ஓடணுமோன்னோ?" நூற்றிருபத்திரண்டு.

பத்து மணிக்கு இதே மனிதரைச் சர்க்கார் ஆபீசில் பார்த்தால் அடையாளம் தெரியாது. மூடின கோட்டு, தலைப்பாகை, நெற்றியில் விபூதி. பன்னிரண்டு வருஷ குமாஸ்தா உத்தியோகம் கழுத்தை முன்பக்கமாக வளைத்துவிட்டிருக்கிறது. சூப்பரின்டெண்ட் மஹாதேவன் எதிரே வந்தால் அது இன்னும் நாலு அங்குலம் தாழும். மஹாதேவன் தாண்டிப் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும்.

அமாவாசையன்று மட்டும் அவருக்கு அரை நாள் லீவு. தர்ப்பணத்துக்கு என்று பெயர். பொய் இல்லை, தர்ப்பணம் செய்கிறார். எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்த பிறகு என்ன செய்கிறார் என்பதை ஆபீசில் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

கங்கைக்கு ஒரு குணம் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கும்போது, கீழேயிருந்து ஒற்றை அலை ஒன்று ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி ஏறி வரும். வங்காளிகள் அதைப் 'பான்' என்கிறார்கள். கும்பகோணத்தில் ஆறு வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு மாற்றலாகி வந்த புதிதில் வைத்தீஸ்வரனுக்கு இது தெரியாது. காவேரி அவர் அறிந்த வரை கீழ்நோக்கித்தான் ஓடியது. ஆறு வருஷத்துக்கு முன் பாபு காட் படித்துறையில், இடுப்பளவு தண்ணீரில் கண்ணை மூடி நின்றிருந்தார். "பான்! பான்!" என்று கூச்சல் போட்டுக்கொண்டு எல்லாரும் படியேறி ஓடினார்கள். இவர் நின்ற இடத்திலேயே நின்றார். அலை அவரை அலாக்காகத் தூக்கியது. கைக்கு ஒரு படகுப் பலகை அகப்பட்டது. அதைக் கட்டிக்கொண்டு நூறு கஜம் போய்க் கரையில் விழுந்தார். வாயெல்லாம் சேறு. இன்னொரு தரம் போக வேண்டும் என்பதுதான் முதலில் தோன்றிய எண்ணம்.

படியில் நின்று பார்த்த மஹாதேவனுக்குத் தோன்றியது வேறு. "வெள்ளமே வந்தாலும் தர்ப்பணத்தை விடலை பார்த்தேளா! மனுஷன்னா அவன் மனுஷன்!" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்தார். அரை நாள் லீவு கேட்காமலே கிடைக்க ஆரம்பித்தது.

மறுபடி அலையில் ஏற முதலில் எடுத்துப்போனது வீட்டுப் பலாமணை. முழங்காலை வைத்ததும் முழுகிப்போனது. "உக்காந்து சாப்பிடற மணையைக் கங்கைல விட்டுட்டு வந்து நிக்கறாரே!" என்று அனந்தலக்ஷ்மி இரண்டு நாள் பேசவில்லை. அடுத்தது கித்திர்பூரில் உடைத்துப் போட்ட கப்பலின் தேக்குக் கதவு. பத்து பேர் உட்காரலாம். ஆனால் அந்தக் கனத்தை அசைத்து வேகம் பிடிப்பதற்குள் அலை அடியில் புகுந்து தாண்டிப் போய்விடும். கடைசியில் இலவ மரத்துக்கு வந்தார். ஐந்து முழ நீளத்தில் லேசான பலகை; தண்ணீருக்குள் குத்திக்கொள்ளாதபடி முனையை முறம் மாதிரி மேலே தூக்கி இழைத்தது. படகுக்காரன் காசிம் மாஜி அதற்குக் கீல் பூசிக் கொடுத்தான். கீல் காயுமுன் வைத்தீஸ்வரன் மேலே மணலைத் தூவினார். ஈரக்கால் வழுக்காமலிருக்க அது அவருடைய சொந்த யோசனை. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

அலைக்காகக் காத்துக்கொண்டு சும்மா கிடந்தால் அலை ஏற்றிக்கொள்ளாது என்று கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் பிடித்தது. "ஓடற டிராம்ல ஏறணும்னா நாமும் கூட ஓடணும் ஓய்" என்று காசிமுக்குத் தமிழிலேயே விளக்குவார். காசிம் புரிந்ததுபோல் தலையாட்டுவான். பெஞ்சியில் முந்நூறு தரம் கை வீசுவது இதற்காகத்தான். இடம் பிடிப்பது இன்னொரு வித்தை. நடு ஆற்றில் தண்ணீர் உப்பிவிட்டுப் போய்விடும். கரையோர மேட்டில்தான் அலை உடையும். உடையும் நுரைக்கு நாலு கை முன்னால் இருக்க வேண்டும்.

எழுந்து நிற்பதில்தான் தகராறு. நின்ற மாத்திரத்தில் கண் காலைப் பார்க்கும், கழுத்து கவிழும், முனை குத்தும், ஆள் தண்ணீரில் இருப்பார். படகிலிருந்து காசிம் கத்துவான்: "மாத்தா ஷோஜா, பாபு! மாத்தா ஷோஜா!" தலையை நிமிர்த்து என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷம் வளைந்த கழுத்தை ஒரு படகுக்காரன் சொல்லி நிமிர்த்திவிட முடியுமா?

அவர் தர்ப்பணமும் சவாரியும் இப்போது தெற்கே பிரின்சேப் காட் படித்துறையில். "பாபு காட்ல கூட்டம் ஜாஸ்தி" என்று மஹாதேவனிடம் காரணம் சொல்லியிருக்கிறார். பாபு காட்டுக்கு முன்னால் அவுட்ராம் ஜெட்டி. அது கண்ணில் பட்டதும், பலகை எவ்வளவு நன்றாக ஓடினாலும், தண்ணீரில் குதித்துவிடுவார். அதைத் தாண்டினால் ஆபீசின் தமிழ்ப் பிராமணர்கள் அத்தனை பேரும் படித்துறையில் இருப்பார்கள்.

தலைநகரம் டில்லிக்குப் போகிறது என்று அறிவிப்பு வந்த பிறகு இந்த ஜாக்கிரதை இரட்டிப்பானது. செக்ஷனில் இருபத்திரண்டு பேர். நாலு பேருக்கு மட்டுமே கல்கத்தாவில் இடம். அந்த நாலு பேரை எழுதுவது மஹாதேவன்.

"டில்லியிலேயும் யமுனை இருக்கு ஓய். ஆனா உம்மைக் கங்கைக்கரையிலேர்ந்து கிளப்பினா பாவம் என்னைச் சேரும். உம்ம பேரைப் போட்டு வச்சிருக்கேன். மஹாளய அமாவாசை கழிஞ்ச மறுநாள் லிஸ்ட் போயிடும்" என்றார் அவர்.

வைத்தீஸ்வரனின் தலை மேஜையைத் தொடாத குறை.

"டில்லி யமுனைல இந்தக் கூத்து கிடையாதோ?" என்று அனந்தலக்ஷ்மி அன்று ராத்திரி கேட்டாள். இல்லை என்றார். "அப்போ நாளைலேர்ந்து கொஞ்சம் பார்த்து நடந்துக்கோங்கோ" என்றாள்.

மஹாளய அமாவாசைப் பானுக்குப் படகுக்கார மாஜிகள் வைத்த பெயர் ஷாடாஷாடி. இரண்டு காளைகள் முட்டிக்கொள்வது போல் வரும் என்பார்கள். வருஷத்திலேயே பெரியது. தர்ப்பணத்தை முடித்துப் பவித்திரத்தை அவிழ்த்துவிட்டு, பத்தரை மணிக்கு வைத்தீஸ்வரன் பலகையில் குப்புறக் கிடந்தார். கீழே கித்திர்பூர் பக்கம், பான் வருகிறது என்று சங்கு ஊதினார்கள். பிறகு இரைச்சல். அவர் கைகள் தாமாகத் துழாவ ஆரம்பித்தன. முப்பதை எண்ணுவதற்குள் பலகையின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. எழுந்தார்.

காசிமின் குரல் பின்னால் எங்கோ நின்றுவிட்டது. காலைப் பார்க்கவில்லை. பலகை கடகடவென்று நடுங்கிக்கொண்டு ஓடியது. ஆறு வருஷத்தில் ஒரு நாளும் இவ்வளவு நேரம் நின்றதில்லை. சந்தோஷத்தில் அவருக்கு அழுகை வந்தது.

அவுட்ராம் ஜெட்டி தெரிந்தது. குதிக்க வேண்டிய இடம் அதுதான். இடது காலை அழுத்தி ஜெட்டியை ஒதுக்கி விலகினார். குதிக்கவில்லை.

பாபு காட்டில் ஜனங்கள் முட்டிமோதிப் படியேறிக்கொண்டிருந்தார்கள். மேல்படியில், ஈரப் பஞ்சகச்சமும் கையில் எள்ளுமாக மஹாதேவன் நின்றிருந்தார். வாய் திறந்திருந்தது.

"ஓய்… வைத்தீஸ்வரன்!"

பலகையின்மேல் நின்றவரின் வலது கை வழக்கம்போல் சலாமுக்குக் கிளம்பி மார்பு வரை வந்தது. பலகை ஆடியது. கையைத் திரும்ப விரித்துக்கொண்டு, தலையை ஒரு அங்குலமும் தாழ்த்தாமல், அடுத்த படித்துறையைப் பார்த்தபடி வைத்தீஸ்வரன் தம் சூப்பரின்டெண்டைத் தாண்டிப் போனார்.